கேள்வி கேட்டால் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

2024 ஜூலை 3 | வாசகர் கேள்வி

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் கூடுகிறது. பதினைந்து பேர் வருவார்கள். ஆறு மாதமாக நான்தான் நடத்துகிறேன். எதைக் கேட்டாலும் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள், கடைசியில் நானே பேசி முடிக்கிறேன். கேள்வி கேட்டுக் கேட்டுக் கூட்டத்தைக் கொண்டுபோவது என்பதெல்லாம் பயிற்சி முகாமில் சொல்ல நன்றாக இருக்கும், நம் ஊர் ஆட்களுக்கு ஒத்து வராது என்பதுதான் என் முடிவு. யாராவது பேச்சாளரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசவிட்டால் போதும். தவறு என்றால் சொல்லுங்கள்.

ஜூலை 3, இரவு 9.50 | பதில்

தவறு என்றுதான் நினைக்கிறேன். நானும் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறவன், பல வருஷம் இதையே சொல்லிக்கொண்டிருந்தவன் என்பதால் சொல்கிறேன். நம் ஊர் ஆட்கள் டீக்கடையில் பேசுகிறார்கள், எழவு வீட்டுப் பந்தலில் பேசுகிறார்கள், ரேஷன் கடை வரிசையில் நின்றபடி ஊர்ப்பட்ட விஷயத்தை அலசுகிறார்கள். கூட்டம் என்று நாற்காலி போட்டதும்தான் வாய் மூடிக்கொள்கிறது. அப்படியானால் கோளாறை ஆட்களிடம் தேடிப் பிரயோசனம் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். கேள்வி கேட்டு முடித்ததும் எவ்வளவு நேரம் சும்மா இருப்பீர்கள்?

ஜூலை 4

"அரை நிமிடமாவது இருப்பேன்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். இருக்க மாட்டீர்கள். அடுத்த கூட்டத்தை எல்லாரிடமும் சொல்லிவிட்டு ஃபோனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். நான் மூன்று வருஷம் முன்பு செய்தேன். "இந்தக் கதையில் அம்மா செய்தது சரியா?" என்று கேட்கிறேன், மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை, "அதாவது, அவள் நிலைமையில் இருந்து பார்த்தால்..." என்று நானே ஆரம்பிக்கிறேன். அந்த இடைவெளியில் பெஞ்சை நகர்த்துகிற சத்தம் ஒன்று கேட்கிறது. யாரோ பேசத்தான் முன்னால் நகர்ந்திருக்கிறார்கள். அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

இதை ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் அறிவியல் கல்வித் துறையில் இருந்த மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடிக்குமேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகளே எதிர்க்கேள்வி கேட்கவும் ஆரம்பித்தார்கள். மூன்றே விநாடி. இன்னொன்றும் கண்டார்: கேள்விக்குப் பின்னால் ஓர் இடைவெளி வேண்டும், ஒருவர் பதில் சொல்லி முடித்த பின்னாலும் ஓர் இடைவெளி வேண்டும். அவர் மேலும் சொல்ல வருவது அந்த இரண்டாவது இடைவெளியில்தான். நாமோ "அருமை!" என்று சொல்லி அதை அடைத்துவிடுகிறோம்.

ஜூலை 5

நேற்று எழுதியதைப் படித்தால், காத்திருந்தால் போதும் என்கிற மாதிரி இருக்கிறது. போதாது. நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991. புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்த வருஷம். எனக்குப் பத்தொன்பது வயது. கல்லுடைக்கப் போகிற பெண்கள் நிறைய இருந்த ஒரு குடியிருப்பில், மாரியம்மன் கோயில் திண்ணையில் ராத்திரி எட்டு மணிக்கு வகுப்பு. ஓர் அரிக்கேன் விளக்கு, தூணில் சாய்த்து வைத்த கரும்பலகை. சொல்லை எழுதிக் காட்டும் முன்னால் அதைப் பற்றிப் பேச வை என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்குச் சொல், பட்டா. நானும் பேச வைக்கத்தான் கேட்டேன்.

"பட்டான்னா என்ன, யாராவது சொல்லுங்க பாப்போம்."

யாரும் பேசவில்லை. ஒருத்தி விளக்குத் திரியை ஏற்றினாள், பிறகு இறக்கினாள். முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஆத்தா, கல் பட்டுப் பட்டு இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துப் போனவர், என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏந்தம்பி, ஒனக்குத் தெரியாதா?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். தெரியும் என்றால் எதற்கு எங்களைக் கேட்கிறாய், தெரியாது என்றால் சொல்லிக்கொடுக்க எதற்கு வந்தாய்? எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அன்று ப-ட்-டா என்று எழுதிக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அதே சொல், அதே திண்ணை. "ஆத்தா, ஒங்க வீட்டு மனைக்குப் பட்டா யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டேன். இது எனக்கு உண்மையிலேயே தெரியாது. "எங்க மாமனார் பேர்ல இருக்கு. அவுக செத்துப் பன்னெண்டு வருசமாச்சு" என்றார். பக்கத்தில் இருந்தவள், "எங்களுக்கு ஏது பட்டா, பொறம்போக்குதானே" என்றாள். அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, தன் வீட்டுக்காரர் எதிலோ கைநாட்டு வைத்துக் கொடுத்ததையும் அது என்ன காகிதம் என்று இன்னும் தெரியாததையும் சொல்ல ஆரம்பித்தாள். விளக்கில் எண்ணெய் தீர்ந்துதான் எழுந்தோம். பத்தரை மணி இருக்கும்.

இரண்டு கேள்விக்கும் நான் காத்திருந்தேன். முதல் கேள்வி அவர்களைச் சோதித்தது. இரண்டாவது கேள்வியில் அவர்களுக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தேவைப்பட்டது.

(பேச்சிலிருந்து எழுத்துக்குப் போகும் இந்தக் கற்பிக்கும் முறை எங்கள் மாவட்டத்தில் பிறந்ததில்லை. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுத்துக் காட்டியதிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. கட்டட வேலைப் படத்தைக் காட்டி, முதலில் வேலையைப் பற்றிப் பேச்சு, அப்புறம்தான் "திஜோலோ" என்ற சொல், அதாவது செங்கல், அதன்பின் அதை அசை அசையாகப் பிரிப்பது. பேச்சு முந்தி, எழுத்து பிந்தி.)

ஜூலை 6

இதற்கு நம்மிடம் பெயரே இருக்கிறது என்று நேற்று ராத்திரி தோன்றியது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான், நன்னூல் சொல்லும் வினா வகைகள் ஐந்து: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா. "இந்தக் கவிதையின் பொருள் என்ன?" என்று ஆசிரியர் மாணவனைக் கேட்டால் அறிவினா. அதையே மாணவன் ஆசிரியரைக் கேட்டால் அறியாவினா. ஓர் எழுத்துகூட மாறவில்லை பாருங்கள். கேட்கிற ஆளுக்குப் பதில் தெரியுமா தெரியாதா என்பதில்தான் வகையே மாறுகிறது. அதை உட்கார்ந்திருப்பவர்கள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். அந்த ஆத்தா பிடித்த மாதிரி.

உங்கள் கடைசி மூன்று கூட்டத்தில் கேட்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். பதில் ஏற்கெனவே உங்கள் பையில் இருந்தவற்றை அடித்துவிடுங்கள். என்ன மிஞ்சுகிறது என்று இங்கே எழுதுங்கள்.

ஜூலை 7

ஐந்து என்று எழுதிவிட்டேன், ஆறு. ஏவல் வினா விட்டுப்போனது. சுட்டிக்காட்டிய தமிழாசிரியருக்கு நன்றி.

அது விட்டுப்போனதை யோசித்துப் பார்த்தேன், கூட்டங்களில் மிக அதிகமாகப் புழங்குவதே அதுதான். "எல்லாரும் படிச்சிட்டு வந்துட்டீங்களா?" "அடுத்த தலைப்புக்குப் போகலாமா?" "சரிதானே?" எல்லாம் கேள்விக்குறி போட்ட கட்டளைகள். இவற்றுக்கு மனிதர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள், வேறென்ன செய்ய முடியும்? வேண்டாம் என்று சொல்லவில்லை, கூட்டம் நகர இதுவும் வேண்டும். ஆனால் பத்துத் தலையாட்டல் ஆனபின் பதினோராவதாக ஓர் உண்மையான கேள்வியைப் போட்டால் அதற்கும் தலைதான் ஆடும்.

ஜூலை 7, மாலை

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: பதினெட்டுக் கேள்வியில் மிஞ்சியது இரண்டு. அதில் ஒன்று, "ஃபேன் வேகம் போதுமா?"

அந்த ஃபேன் கேள்விக்கு எத்தனை பேர் பதில் சொன்னார்கள்?

ஜூலை 8

"எல்லாரும்."

சரி. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

ஜூலை 14, இரவு

இன்று எங்கள் வட்டம் கூடியது. கண்மாய், குளம் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்து வந்திருந்தோம். வழக்கமாக "கட்டுரை எப்படி இருந்தது?" என்று ஆரம்பிப்பேன். "எப்படி இருந்தது" என்றால் "நல்லா இருந்தது" வரும், அதோடு கதவு மூடிக்கொள்ளும். இன்று, "நீங்க கடைசியா ஊர்க் கண்மாய்ல கால் நனைச்சது எப்போ?" என்று கேட்டுவிட்டு வாயை மூடினேன். மனசுக்குள் எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. ஏழில் எனக்கு வியர்த்தது. எட்டில் நூலகத்துக்குப் புதிதாக வருகிற கல்லூரிப் பெண், "நான் நனைச்சதே இல்ல, சார்" என்றாள். அவ்வளவுதான், மூத்தவர்கள் நாலு பேர் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். மடை எங்கே இருந்தது, யார் திறப்பார்கள், மீன் குத்தகை யாருக்குப் போகும், கருவேல முள் எப்போது ஏறியது. அந்தப் பெண் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். கட்டுரைக்கு நாங்கள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது, வந்தபோது கட்டுரையாளர் மடை பற்றி எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது என்று இரண்டு பேர் பக்கத்தைத் திறந்து காட்டினார்கள்.

கருத்தைக் கேட்டால், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் வருகிறது. கண்ணால் பார்த்ததைக் கேட்டால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. கருத்து தானாகப் பின்னால் வரும்.

ஜூலை 23

இந்த இழையின் தலைப்பிலேயே "ஏன்" இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நாலு நாளாக நினைக்கிறேன்.

ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். காகிதத்தில் அம்மாக்களின் குழு. கூட்டத்தில் தலைமை ஆசிரியர் பேசுவார், நான் பேசுவேன், அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். போன மாதம், பிள்ளைகள் தாமதமாக வருவது பற்றிப் பேச்சு வந்தது. நான் ஓர் அம்மாவைப் பார்த்து, நல்ல எண்ணத்தோடுதான், "ஏம்மா, பையன் ஏன் லேட்டா வர்றான்?" என்று கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "இனிமே சரியா வருவான் சார்" என்றார். முடிந்தது.

தமிழில் "ஏன்" என்பது பெரும்பாலும் காரணம் கேட்பதில்லை, கணக்குக் கேட்பது. "ஏன் இவ்வளவு நேரம்?" "ஏன் போன் எடுக்கல?" வீட்டில் நாம் அதைப் பயன்படுத்துவதே குற்றம் சாட்டத்தானே. அம்மாவுக்குக் கேட்டது "நீ சரியில்லை" என்பது மட்டும்தான்.

இந்த மாதம் "ஏன்" இல்லாமல் கேட்டேன். "காலைல எந்திரிச்சதுல இருந்து பிள்ளை பள்ளிக்கூட வாசலுக்கு வர்ற வரைக்கும் உங்க வீட்டுல என்னென்ன நடக்கும்? ஒவ்வொண்ணா சொல்லுங்களேன்." அதே அம்மாதான் முதலில் பேசினார். அவர்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் எட்டு மணிக்கு வருகிறது, ஒன்பதுக்கு நிற்கிறது. அவர் வேலைக்கு ஏழரைக்கே கிளம்ப வேண்டும். ஆகவே குடத்தோடு வரிசையில் நிற்பது பையன். அடுத்த அம்மாவும் அதே தெரு. அடுத்தவரும். பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் தாமதமாக வருகிற ஒன்பது பேரில் ஆறு பேர் அந்த ஒரே தெரு. தண்ணீர் விடும் நேரத்தை மாற்றச் சொல்லி ஊராட்சிக்கு மனு எழுதினோம், அம்மாக்கள் சொல்லச் சொல்ல. நேரம் இன்னும் மாறவில்லை. அதுவரை பையன்களின் பெயருக்கு எதிரே சிவப்பு மை வேண்டாம் என்று தலைமை ஆசிரியர் ஒத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 2

ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரே ஆள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனால் என்ன செய்வது?

எங்கள் வட்டத்திலும் உண்டு, பணி ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி. நிறையப் படித்தவர். நான் செய்தது: கேள்வியைப் போட்டதும் எல்லாருக்கும் ஒரு துண்டுச் சீட்டு, இரண்டு நிமிடம் எழுதுங்கள், அப்புறம் கடைசியில் உட்கார்ந்திருப்பவரில் ஆரம்பித்து வரிசையாகப் படியுங்கள் என்பது. முன்னால் உட்காருகிற அவர் முறை தானாகக் கடைசியில் வரும். நன்றாக வேலை செய்கிறது, செய்து பாருங்கள்.

ஆகஸ்ட் 5

மேலே எழுதியதில் ஒரு பாதியைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று அந்த அய்யா வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "நான் வர்றது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா தம்பி?" என்றார். மனைவி போனபின் வீட்டில் பேச ஆளில்லை, மாதத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் பேசுகிறேன் என்றார். மூன்று மாதமாக அவர் முறையைக் கடைசிக்குத் தள்ளி அடக்கியது எனக்கு வெற்றியாகத் தெரிந்தது. அவருக்கு அது வேறாகத் தெரிந்திருக்கிறது.

சீட்டு முறை நல்லதுதான், தொடரும். ஆனால் ஓர் ஆளை வாயடைக்க அதைப் பயன்படுத்தியது தப்பு. அவரிடமும் நான் ஓர் அறியாவினா கேட்டிருக்க வேண்டும். கேட்டேன், வாசலில் செருப்பு மாட்டும்போது: "அடுத்த கூட்டத்தை நீங்க நடத்துறீங்களா? ஆனா உங்க வேலை கேக்கறது மட்டும்தான்." யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 11

நடத்தினார். ஐந்து கேள்வியை ஃபுல்ஸ்கேப் தாளில் எழுதி எடுத்துவந்தார். மூன்றாவது கேள்வியில் தன்னை மறந்து பதிலும் சொல்லப் போனார், அப்புறம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள். வயதில் இளையவர்கள் அவரை "அய்யா, நீங்க சர்வீஸ்ல இருந்தப்ப இது எப்படி நடந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

ஆகஸ்ட் 15

இன்று கிராம சபை. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் நடக்க வேண்டும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு வாசிப்பார்கள், தீர்மானம் வாசிப்பார்கள், "எல்லாருக்கும் சம்மதமா?" என்பார்கள். ஏவல் வினாவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

தெருவிளக்குப் பராமரிப்புத் தொகையை வாசித்தபோது பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்து, "நம்ம ஊர்ல மொத்தம் எத்தனை லைட்டு இருக்கு?" என்று கேட்டார். குரலே உயரவில்லை. மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எண்ணிக்கை வந்ததும், "அதுல இன்னைக்கு எரியறது எத்தனை?" இதற்குப் பதில் மேடையில் இல்லை, கீழே இருந்தது. எங்க தெருவுல மூணு, எங்க தெருவுல ஒண்ணுமே இல்ல என்று ஆளாளுக்குச் சொல்ல, செயலாளர் எழுத ஆரம்பித்தார். இரண்டே கேள்வி, இரண்டும் எண்ணிக்கை. நடத்துபவர்தான் நல்ல கேள்வி கேட்க வேண்டும் என்று ஒன்றரை மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், எங்கள் ஊர்க் கூட்டத்தையே இன்று நடத்தியது பின்வரிசைதான்.

ஆகஸ்ட் 20

ஆன்லைன் கூட்டத்தில் எட்டு விநாடி மௌனம் என்றால் "கேக்குதா? கேக்குதா?" என்று கிளம்பிவிடுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். அங்கே மௌனத்தை அறிவித்துவிட வேண்டும்: "ஒரு நிமிஷம் யோசிங்க, நான் மைக்கை அணைச்சு வைக்கிறேன்." அறிவித்த மௌனம் யாரையும் பயமுறுத்துவதில்லை.

செப்டம்பர் 8, இரவு

இந்த இழையை ஆரம்பித்தவர் இன்று மதியம் எழுதியிருக்கிறார். பேச்சாளர் யோசனையைக் கைவிட்டுவிட்டார். இன்றைய கூட்டத்தில் பதினொரு பேர் பேசினார்களாம். ஆனால் ஒரு வருத்தம்: "நேரடியாகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். 'அந்த மகள் வீட்டை விட்டுப் போனது நியாயமா?' என்று கேட்டால் ஓர் அக்கா தன் நாத்தனார் கதையைச் சொல்கிறார். விஷயத்துக்கு எப்படி இழுத்துவருவது?"

இழுக்காதீர்கள். வினா வகை படித்த நாம் விடை வகையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எட்டு விடையில் நேரடியாகச் சொல்வது மூன்றுதான், சுட்டிக் காட்டும் சுட்டு, மறுக்கும் மறை, உடன்படும் நேர். மீதி ஐந்தும் சுற்றிச் சொல்வது, அவற்றையும் இலக்கணம் விடை என்றே ஏற்றுக்கொள்கிறது. "ஆடுவாயா?" என்றால் "கால் வலிக்கிறது" என்பது உற்றது உரைத்தல். மாட்டேன் என்ற சொல்லே அதில் இல்லை, ஆனாலும் பதில் வந்துவிட்டது. நாத்தனார் கதையும் அப்படித்தான். அந்த அக்கா நியாயம் என்கிறாரா இல்லையா என்பது கதைக்குள் இருக்கிறது. முடிந்ததும் "அப்புறம் நாத்தனார் என்ன ஆனாங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

செப்டம்பர் 10

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, யோசித்து யோசித்துப் பார்த்தும் வழி தெரியவில்லை. எங்கள் வட்டத்துக்கு ஒரே வீட்டிலிருந்து மாமியாரும் மருமகளும் வருகிறார்கள். மாமியார் நன்றாகப் பேசுவார், நல்ல மனுஷி, மருமகளை "நீயும் சொல்லு தாயி" என்று தூண்டவும் செய்வார். மருமகள் சிரிப்பதோடு சரி. போன மாதம் மாமியார் ஊருக்குப் போயிருந்தார். அன்றைக்கு மருமகள் இருபது நிமிடம் பேசினாள், அந்த வருஷத்திலேயே நாங்கள் கேட்ட நல்ல பேச்சு அது. பேசி முடித்துவிட்டு, "இத அத்தைகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

இப்போது இருவரும் ஒன்றாக வருகிறார்கள், அவள் மறுபடி சிரிக்கிறாள். சீட்டில் எழுதச் சொன்னால் மாமியார் எட்டிப் பார்க்கிற தூரத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள். இரண்டு குழுவாகப் பிரித்தால் எதற்குப் பிரித்தோம் என்று இருவருக்கும் தெரிந்துவிடும். அடுத்த கூட்டம் அக்டோபர் 13. இப்படி ஒரு வீட்டு ஆட்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை நடத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நீங்கள் என்ன கேட்டீர்கள்?